சேதி சொன்னவருக்கு என்ன கூலி?

நண்பர் ஒருவர் வேலை மாறியபோது புது விசிட்டிங் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். பெயருக்குக் கீழே ‘டெவலப்பர் எவாஞ்சலிஸ்ட்’ என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் படித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, “தம்பி எந்தச் சபையில ஊழியம் பண்றீங்க?” என்று கேட்டார். நண்பர் ஊழியம் பண்ணுவது ஒரு டேட்டாபேஸ் கம்பெனியில். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் என்னைப் பார்க்க, நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால் பெரியம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவருக்குத் தெரிந்த அர்த்தம்தான் பழையது, கார்டில் இருப்பது நேற்று முளைத்தது. எவாஞ்சலிஸ்ட் என்றால் சுவிசேஷகர், நற்செய்தி அறிவிப்பவர். அந்தப் பெயரைத் தூக்கி, ஒரு மென்பொருளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவருக்குப் பதவியாக வைத்துவிட்டார்கள். விற்பனை ஆள் என்று சொல்ல முடியாது, அவர் கையில் ஆர்டர் புத்தகம் இருக்காது. விளம்பரத் துறை என்றும் சொல்ல முடியாது, அவருக்கு நிஜமாகவே நிரல் எழுதத் தெரியும். மேடையில் பேசுவார், மாதிரி நிரல் எழுதி ஓட்டிக் காட்டுவார், கட்டுரை போடுவார், ராத்திரி பதினொரு மணிக்கு முகம் தெரியாத யாரோ கேட்ட சந்தேகத்துக்குப் பதில் எழுதுவார். எதையும் விற்க மாட்டார், நம்ப வைப்பார், அதற்கு மாதச் சம்பளம் வாங்குவார். எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி விஷயம்தான். நம்பிக்கையைப் பரப்புகிறவர் அதற்குக் காசு வாங்கினால் அந்த நம்பிக்கைக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியோடு சொல்லின் வேரைத் தோண்டப் போனால், அந்தச் சொல் பிறந்ததே கூலி விஷயத்தில்தான் என்று தெரிந்தது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘யூ’ என்றால் நல்ல. ‘ஆங்கெலோஸ்’ என்றால் தூதன், சேதி கொண்டு வருகிறவன். இரண்டும் சேர்ந்தது ‘யூஆங்கெலியோன்’. சிறகு வைத்து வரைகிறார்களே ஏஞ்சல், அதுவும் இதே ஆங்கெலோஸ்தான், சிறகெல்லாம் பிற்பாடு ஒட்டியது. லத்தீனுக்குப் போனபோது முன்னால் இருந்த ‘யூ’, ‘எவ்’ ஆகி, எவாஞ்செலியும் என்று நின்றது. அதிலிருந்துதான் எவாஞ்சலிஸ்ட்.

தமிழில் இதற்கு வைத்த சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சு என்றால் நல்ல, அதோடு விசேஷம். சமஸ்கிருதத்தில் விசேஷம் என்றால் தனிச்சிறப்பு, வேறுபாடு. ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் அது சேதி என்ற பொருளுக்கு வந்துவிட்டது. “என்ன விசேஷம்?” என்றால் ஊரில் என்ன நடக்கிறது என்று அர்த்தம். கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உலகத்திலேயே பழைய நற்செய்தி அது. ஆக சுவிசேஷம் என்பது யூஆங்கெலியோனை அப்படியே துண்டு துண்டாக எடுத்து வைத்தது போன்ற சொல். இதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது. பிற்பாடு வந்த நற்செய்தி என்பதும் அதே கட்டுமானம்தான், தமிழ் வேர்களில்.

சரி, கூலிக்கு வருவோம். ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிஸியில் யூஆங்கெலியோன் என்ற சொல் வரும் இடத்தில் அதற்கு நற்செய்தி என்ற பொருளே கிடையாது. நற்செய்தி கொண்டு வந்தவனுக்குக் கொடுக்கும் பரிசு என்றுதான் பொருள். இருபது வருஷம் கழித்து ஊர் திரும்பிய ஒடிஸியஸ், பிச்சைக்காரன் வேஷத்தில் தன் சொந்தப் பன்றி மேய்ப்பன் யூமையோஸின் குடிசையில் உட்கார்ந்திருக்கிறான். “உன் எஜமான் வரப்போகிறான், நான் சத்தியம் செய்கிறேன், அவன் வந்ததும் இந்த நல்ல சேதிக்குப் பரிசாக எனக்கு ஒரு மேலங்கியும் உடுப்பும் கொடு” என்கிறான். யூமையோஸ் அசைந்து கொடுக்கவில்லை. பெரியவரே, அந்தப் பரிசை நான் கொடுக்கப் போவதும் இல்லை, அவர் வரப்போவதும் இல்லை என்று சொல்லிவிடுகிறான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் காரணத்தையும் சொல்லியிருப்பான். ஊர் சுற்றிகள் எத்தனையோ பேர் வந்து எஜமானியிடம் கதை அளந்து சோறும் துணியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒரு உடுப்பு கிடைக்கும் என்றால் நீங்களும் சீக்கிரமே ஒரு கதை கட்டிவிடுவீர்கள் என்கிறான். சேதி சொல்கிறவனுக்குப் பரிசு உண்டு என்ற வழக்கம் இருந்தால், பரிசுக்காகவே சேதி சொல்கிறவனும் இருப்பான் என்பது அந்தப் பன்றி மேய்ப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. இதில் வேடிக்கை, அன்றைக்கு வந்த சேதி நிஜம். சேதி சொன்னவனே அந்தச் சேதி.

நம்முடைய குறுந்தொகையில் 75ஆம் பாட்டு கிட்டத்தட்ட இதே காட்சி, ஆனால் மனநிலை வேறு. பிரிந்து போன தலைவன் வந்துகொண்டிருக்கிறான் என்று பாணன் வந்து சொல்கிறான். தலைவி சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவள் முதலில் கேட்பது, “நீகண் டனையோ கண்டார்க்கேட் டனையோ”. நீயே பார்த்தாயா, பார்த்தவர்களிடம் கேட்டாயா, ஒன்று தெளிவாகத் தெரிய வேண்டும் எனக்கு, சொல். சொன்னால் வெண்ணிறத் தந்தம் உடைய யானைகள் சோணையாற்றில் படிந்து குளிக்கும், பொன் நிறைந்த பாடலி நகரமே உனக்குக் கிடைக்கட்டும் என்கிறாள். கடைசி வரியில் மறுபடியும் கேட்கிறாள், யார் வாயிலிருந்து கேட்டாய் என்று. ஐந்தே வரி. பரிசும் இருக்கிறது, விசாரணையும் இருக்கிறது, அதுவும் பரிசை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் விசாரணை. படுமரத்து மோசிகீரனார் எழுதியது. யூமையோஸ் நம்பிக்கை செத்துப் போனவன், அதனால் பரிசை மறுக்கிறான். இவளுக்கு நம்ப வேண்டும் என்று ஆசை, அதனாலேயே ஆதாரம் கேட்கிறாள். எனக்கு இவள் பக்கம்தான் சாய்வு.

பரிசு எப்போதும் பரிசாக முடிவதும் இல்லை. பழைய ஏற்பாட்டில் சவுல் ராஜா செத்த சேதியைத் தாவீதிடம் ஓடிவந்து சொன்னவன், எதிரி ஒழிந்தான் என்ற நல்ல சேதியைத்தான் கொண்டு வருகிறோம் என்று நினைத்தான். தாவீது அவனை சிக்லாகில் கொன்றுபோட்டார். அந்தச் சேதிக்கு நான் கொடுத்த வெகுமதி அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்வதாக வரும் இடத்தில், அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே யூஆங்கெலியோன் குடும்பத்துச் சொல்லைத்தான் போடுகிறது. இந்தப் பக்கம் ஏதென்ஸில் கி.மு. 424இல் அரிஸ்டோபனீஸ் மேடையேற்றிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், தொத்திறைச்சி விற்கிறவன் ஒருவன் சபைக்குள் புகுந்து, போர் தொடங்கியதிலிருந்து நெத்திலி இவ்வளவு மலிவாக விற்று நான் பார்த்ததில்லை என்று கத்துகிறான். முறைத்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் தெளிந்துவிடுகின்றன, நற்செய்தி சொன்னதற்காக அவனுக்கு மாலை சூட்டுகிறார்கள். புதுப் பொருள் அறிமுக விழாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நெத்திலிக்காரன் ஞாபகம்தான் வருகிறது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பரிசு என்ற பொருள் தேய்ந்து சேதி என்ற பொருள் முன்னுக்கு வந்தது. அதற்கப்புறம் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைய துருக்கியில் இருக்கும் பிரியேனே என்ற பழைய நகரத்தில் கிடைத்த கல்வெட்டு ஒன்று கி.மு. 9ஐச் சேர்ந்தது. ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தில் இனிமேல், கடவுளாகவே கொண்டாடப்பட்ட பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளான செப்டம்பர் 23இல்தான் வருஷம் பிறக்கும் என்று அறிவிக்கிற கல்வெட்டு. அந்தக் கடவுளின் பிறந்தநாள்தான் அவரால் உலகத்துக்கு வந்த நற்செய்திகளின் தொடக்கம் என்று அதில் இருக்கிறது. சொல் அதே யூஆங்கெலியோன், பன்மையில். இதற்கு எழுபது எண்பது வருஷம் கழித்து, இயேசுவின் கதையை எழுதிய மாற்கு தன் நூலை “நற்செய்தியின் தொடக்கம்” என்ற சொற்களோடு ஆரம்பிக்கும்போது, அது பேரரசர் வீட்டு விசேஷத்துக்கு ஒதுக்கிவைத்திருந்த சொல் என்பது அன்றைய காதுகளுக்கு உறைத்திருக்கும். ஒரு தச்சரைப் பற்றிய சேதிக்கு அரசு விளம்பரத்தின் மொழி. இன்றைக்கு நாம் சாதுவாக நினைக்கிற சொல் அன்றைக்கு அவ்வளவு சாது இல்லை.

இன்னொரு கிளை எபிரேயத்திலிருந்து வருகிறது. ஏசாயாவின் 52ஆம் அதிகாரத்தில், நல்ல சேதி சொல்ல ஓடி வருகிறவனின் பாதங்கள் மலைகளின்மேல் எவ்வளவு அழகாயிருக்கின்றன என்று ஒரு வரி உண்டு. தமிழ் பைபிள் அங்கேயே சுவிசேஷகன் என்ற சொல்லைப் போட்டுவிடுகிறது. முகத்தையோ குரலையோ விட்டுவிட்டுப் பாதத்தைப் பாடியிருக்கிறார்கள், சேதி நடந்து வந்த காலம் அது. அந்த எபிரேய வேர்ச்சொல்லின் சகோதரம்தான் அரபியில் நற்செய்தியைக் குறிக்கும் புஷ்ரா, பஷீர் என்ற பெயரும் அங்கிருந்துதான். நற்செய்தி சொல்பவர் என்று பொருள். நம் பஷீர் பாய்கள் எல்லோரும் ஒரு விதத்தில் எவாஞ்சலிஸ்டுகள்தான், கார்டில் போட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

புதிய ஏற்பாடு முழுக்க நற்செய்தி என்ற சொல் கொட்டிக் கிடக்கிறது, பவுலின் கடிதங்களில் மட்டும் சுமார் அறுபது முறை. ஆனால் எவாஞ்சலிஸ்ட் என்ற ஆள் பெயர் மொத்தமே மூன்று இடத்தில்தான் வருகிறது. எபேசியர் கடிதத்தில் ஒரு பட்டியலில், அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகளுக்கு அடுத்து, மேய்ப்பர், போதகர்களுக்கு முன்னால். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், சுவிசேஷகனுடைய வேலையைச் செய் என்று. மூன்றாவது, அப்போஸ்தலர் நடபடிகளில், செசரியாவில் வீடு வைத்திருந்த பிலிப்பு என்ற மனிதரின் பெயரோடு. பெயர் சொல்லி இந்தப் பட்டம் பெற்ற ஒரே ஆள் அவர்தான். அதனால் இந்த வேலைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று பார்க்க வேண்டுமானால் பிலிப்பு என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தரப் பாதை. எத்தியோப்பிய ராணியின் கருவூலத்துக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டே போகிறார். பிலிப்பு ஓடிப்போய் ரதத்தின் பக்கத்தில் சேர்ந்துகொண்டு கேட்கிற முதல் கேள்வி: வாசிக்கிறது உமக்குப் புரிகிறதா? அவர் பதில்: ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும்? ஏறி உட்காரும் என்கிறார். பிலிப்பு ஏறி, அவர் எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாரோ அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறார். மென்பொருள் கையேடுகளோடு ராத்திரிகளைக் கழித்த யாரும் இந்தக் காட்சியில் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆவணம் கையில் இருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது, ஒன்றும் புரியவில்லை. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு எங்கே சிக்கியது என்று கேட்டால் போதும். நல்ல எவாஞ்சலிஸ்ட் செய்கிற வேலை இன்றைக்கும் இது ஒன்றுதான். மேடை, டீஷர்ட், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம்.

கூலி? அதுவும் அங்கேயே விவாதிக்கப்பட்டிருக்கிறது. இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்பது மத்தேயுவில் சீஷர்களை அனுப்பும்போது சொன்னது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறார். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலேயே பிழைப்பு உண்டாக வேண்டும், அது நியாயம் என்று முதலில் வாதாடுகிறார். போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே என்ற பழைய சட்டத்தையும் துணைக்கு இழுக்கிறார். நாலு வசனம் தள்ளி, ஆனால் நான் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை, செலவில்லாமல் சொல்வதே எனக்குக் கிடைக்கும் பலன் என்கிறார். அவர் கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர், அந்த வருமானம் அவருக்கு இருந்தது. பலன் என்ற சொல்லை அவர் இங்கே திருப்பிப் போட்டிருப்பது எனக்குச் சாமர்த்தியமாகப் படுகிறது. ஹோமர் காலத்தில் சேதிக்குப் பரிசு மேலங்கி, இவருக்கோ சேதி சொல்வதே பரிசு.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகக் கடக்கலாம். திருச்சபை வளர்ந்து நூல்கள் நிலைத்த பிறகு, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நூலாசிரியர்களுக்கும் எவாஞ்சலிஸ்ட் என்ற பட்டம் போய்விட்டது. நடந்தவரிடமிருந்து எழுதியவரிடம். ஆங்கிலத்தில் காஸ்பெல் என்பது பழைய ‘நல்ல கதை’ என்ற கூட்டுச்சொல், உயிரொலி குறுகியதும் மக்கள் அதைக் ‘கடவுளின் கதை’ என்று காதில் வாங்கிக்கொண்டார்கள். லூதருக்குப் பிறகு ஜெர்மனியில் எவாங்கேலிஷ் என்றால் சீர்திருத்த சபைக்காரர் என்று ஆனது, இன்றும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் வெஸ்லி, விட்ஃபீல்ட் போன்ற பிரசங்கிகள் திறந்தவெளியில் கூட்டம் கூட்டிப் பேசியபோது சொல் மறுபடி நடக்க ஆரம்பித்தது. 20ஆம் நூற்றாண்டில் பில்லி கிரகாம் மைதானங்களை நிரப்பினார், தொலைக்காட்சிப் பிரசங்கிகள் வந்தார்கள், அவர்களில் சிலர் பண விவகாரங்களில் மாட்டினார்கள், பழைய யூமையோஸ் சந்தேகமும் கூடவே திரும்பி வந்தது.

இந்தச் சொல்லைக் கணினிக்குள் கொண்டுவந்தது ஆப்பிள். 1984 ஜனவரி 24இல் மேக்கின்டாஷ் வந்தது, விலை 2,495 டாலர், நினைவகம் 128 கிலோபைட். சுட்டியை நகர்த்தி, படத்தை அழுத்தி வேலை செய்யும் அந்த இயந்திரம் பார்க்க அழகு, ஆனால் அதில் ஓட்ட மென்பொருள் சொற்பம். மென்பொருள் இல்லாத கணினியை யார் வாங்குவார்கள்? வாங்கியவர்களே இல்லாத கணினிக்கு யார் மென்பொருள் எழுதுவார்கள்? ஆரம்பத்தில் அதற்கு நிரல் எழுத வேண்டும் என்றால் 1983இல் 9,995 டாலருக்கு வெளிவந்த லிசா என்ற இன்னொரு ஆப்பிள் கணினி வேறு தேவைப்பட்டது. இந்த முடிச்சை அவிழ்க்க ஆப்பிள் ஆள் அனுப்பியது. மைக் பாய்ச் என்பவரைத்தான் முதல் மென்பொருள் எவாஞ்சலிஸ்ட் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அவர் தன்னோடு ஸ்டான்போர்டில் படித்த கை கவாசாகியை 1983இல் உள்ளே கொண்டு வந்தார். கவாசாகி அதற்கு முன்னால் நகை வியாபாரத்தில் இருந்தவர். இந்தப் பதவியை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்தியது அவர்தான்.

அவர்கள் கையில் விற்க ஒன்றும் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணினியை அந்த நிரலாளர்களிடம் விற்பதில் லாபம் எதுவும் கிடையாது. இன்னும் வராத வாடிக்கையாளர்களுக்காக, பாதி எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு, உன் வாழ்க்கையில் ஒரு வருஷத்தைக் கொடு என்று கேட்க வேண்டும். எபிரெயர் நிருபம் சொல்கிற மாதிரி, விசுவாசம் என்பது “நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமும்”. இதற்கு விற்பனை என்ற சொல் பொருந்தாது, மதத்திடம் போய்த்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. விற்கிறவன் மனதில் இருப்பது தன் இலக்கு, எவாஞ்சலிஸ்ட் மனதில் இருப்பது கேட்கிறவருடைய நன்மை என்பது கவாசாகி திரும்பத் திரும்பச் சொல்கிற வித்தியாசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பிச் சேர்ந்தவர்களில் பலரும் நஷ்டப்பட்டார்கள், 1984இன் பிற்பாதியில் விற்பனையே சுணங்கிவிட்டது. மேக்கைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு, ஆல்டஸ் என்ற சின்ன நிறுவனம் 1985இல் கொண்டுவந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு. அதாவது, சேதியை நம்பி வந்த ஒருவர் சேதியை நிஜமாக்கினார். சில சமயம் அப்படித்தான் நடக்கிறது, எல்லோரும் நம்பினால்தான் உண்மையாகிற வகைச் சேதி அது, அதனால்தான் அதை ஆராய்வதும் கஷ்டம்.

அதன் பிறகு கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பதவி பரவியது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் 2005இல் கூகுளில் சேர்ந்தபோது தலைமை இணைய எவாஞ்சலிஸ்ட் ஆனார். என்ன பட்டம் வேண்டும் என்று கேட்டதற்கு, ஆர்ச்டியூக் என்ற ஐரோப்பிய அரச குடும்பத்துப் பட்டத்தைக் கேட்டாராம். கடைசியாகப் பேர் போன ஆர்ச்டியூக் 1914இல் சுடப்பட்டுச் செத்தார், அது வேண்டாம், இது வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அவரே சொல்கிற கதை.

மறுபக்கமும் உண்டு. மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அவற்றில் எவாஞ்சலிஸ்டுகளுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்று எவாஞ்சலிசம் என்பது போர் என்கிறது. நடுநிலை மாதிரித் தெரிகிற குழு விவாதங்களில் நம் பக்க ஆட்களை நிரப்புவது எப்படி என்றெல்லாம் அதில் போகும். கேட்கிறவருடைய நன்மை எங்கே போனது என்று தெரியவில்லை. இதே நிறுவனத்தில் 2003 முதல் 2006 வரை எவாஞ்சலிஸ்டாக இருந்த ராபர்ட் ஸ்கோபிள், சொந்த நிறுவனத்தின் பொருள்களையே தன் வலைப்பதிவில் வெளிப்படையாகக் குறை சொல்லி, அதனாலேயே நம்பப்பட்டவர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சம்பளம் இரண்டு தரப்புக்கும் ஒரே பையிலிருந்துதான்.

இப்போது பல நிறுவனங்கள் எவாஞ்சலிஸ்ட் என்ற சொல்லைக் கைவிட்டு டெவலப்பர் அட்வகேட் என்று மாற்றிவிட்டன. மத வாடை வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எவாஞ்சலிஸ்ட் ஒருவழிப் பாதை, அட்வகேட் என்றால் வெளியே இருப்பவர்களின் குறைகளைக் கம்பெனிக்குள்ளே கொண்டுபோய் வாதாடுவார் என்ற விளக்கம். நல்ல விளக்கம்தான். ஆனால் மதத்திலிருந்து தப்பிக்கப் போய் எங்கே விழுந்திருக்கிறார்கள் பாருங்கள். லத்தீன் அட்வொகாட்டுஸ் என்பது, யோவானின் முதல் கடிதத்தில் இயேசுவைக் குறிக்கும் பராக்லேதோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு லத்தீன் பைபிள் போட்ட மொழிபெயர்ப்பு. தமிழில் அங்கே “பரிந்து பேசுகிறவர்” என்று இருக்கும். யோவான் நற்செய்தியில் பரிசுத்த ஆவிக்கு வரும் சொல்லும் அதே பராக்லேதோஸ்தான், தமிழில் தேற்றரவாளன். சுவிசேஷகர் என்பது கூச்சமாக இருக்கிறது என்று பரிசுத்த ஆவியின் பட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

தப்பிக்கவே முடியாது போல. பிரசாரத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ப்ரொபகண்டா, 1622இல் போப் பதினைந்தாம் கிரகரி விசுவாசத்தைப் பரப்ப அமைத்த சபையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஃபேன் என்பது ஃபனட்டிக்கின் சுருக்கம், அதற்குள்ளே ஃபானும் என்ற கோயில் இருக்கிறது. கடவுள் உள்ளே புகுந்தவர் என்பது என்தூசியாஸ்டின் வேர். நம்மிடமும் அதே கதைதான். தொண்டர் என்றால் ஒரு காலத்தில் திருத்தொண்டர், சுந்தரர் பாடிய அடியார்கள். இன்றைக்குத் தொண்டர் என்றால் கொடி கட்டுகிறவர். அடிப்பொடி என்பது ஓர் ஆழ்வாரின் பெயரில் இருக்கும் பணிவு, அதையே இன்றைக்கு வசவாக்கி வைத்திருக்கிறோம். டெக்னாலஜி எவாஞ்சலிஸ்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நண்பர்களோடு பேசிப் பார்த்தேன். பரப்புரையாளர் என்றால் தேர்தல் ஞாபகம் வருகிறது. தூதர் என்பதை விளம்பர நடிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் யோசிக்காமல் ‘கொ.ப.செ.’ என்றார், கொள்கை பரப்புச் செயலாளர். அவன் ஐபோனுக்குக் கொ.ப.செ. என்று ஏற்கெனவே கேலியாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை, என்ன, கார்டில் அச்சடிக்க முடியாது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு நிரலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு நிறுவனத்தின் எவாஞ்சலிஸ்ட், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மடிக்கணினி மூடியே தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர், நாற்பது நிமிஷம் சரளமாகப் பேசினார். டெமோ ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர், குறுந்தொகை படித்தவராக இருக்க வாய்ப்பில்லை, எழுந்து கேட்டார்: “இதை நீங்க ப்ரொடக்‌ஷன்ல ஓட்டியிருக்கீங்களா, இல்ல ஓட்டினவங்க சொல்லிக் கேட்டீங்களா?”

ப்ரொடக்‌ஷன் என்றால் ஒத்திகை இல்லை, நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் இடம். பேச்சாளர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “நான் ஓட்டினதில்ல. ஓட்டுற ரெண்டு டீமை நேரடியாத் தெரியும். அதுல ஒரு டீம் போன மாசம் இதை விட்டுட்டு வேற ஒண்ணுக்குப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டு எழுதி வெச்சிருக்கேன். ஸ்லைட்ல இல்ல, வேணும்னா காட்டுறேன்” என்றார். ஸ்லைடை மூடிவிட்டு, வடிவமைப்பு எதுவும் இல்லாத ஒரு வெறும் எழுத்துக் கோப்பைத் திறந்தார். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த பாதி அறை அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.